திரையில் தமிழ் ஓடும்வரை

உச்சரிப்புப் பயிற்சியாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு படப்பிடிப்புத் தளத்தில் அலைகிறீர்கள். "அது என்ன வேலை?" என்று வீட்டில் இதற்குள் கேட்டிருப்பார்கள். என் பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்விக்கு எனக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், "டிவியில பாட்டுப் போட்டி வருதுல்ல, அதுல பாடுறவங்க வாயைப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி வருங்கால மாமனாரைக் கலங்கடித்தேன். அவர் சற்று யோசித்து, "பல் டாக்டர் மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். கல்யாணம் நடந்துவிட்டது.

இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியைக் கைபேசிச் செயலியே செய்துவிடுகிறது. அது டீ கேட்பதில்லை. பாடகர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கொலை செய்தாலும் பெருமூச்சு விடுவதில்லை. ஆகவே நான் விருப்ப ஓய்வு பெற்றேன். விருப்பம் நிறுவனத்தினுடையது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நிறுவனத்தில் கேட்டிருந்தார்கள். நாக்கை எங்கே மடிப்பது, தாடையை எவ்வளவு இறக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் காணொளிகள் இருக்கின்றன. ஒரு பாட்டின் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் எந்தக் காணொளியும் சொல்லித் தருவதில்லை. எனக்கே அது தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், சமையல்கட்டுக்குப் பின்னால், ஓர் அண்டாவின் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. அதைச் சொல்கிறேன்.

அது குழுக்கள் பாடும் போட்டி. தனியாள் போட்டியில் அழுகை ஒரே முகத்தில் நடந்து முடிந்துவிடும். குழுப் போட்டியில் காமிராவுக்குப் பொறுக்கியெடுக்க நிறைய முகங்கள் கிடைக்கும் என்பதால் சேனலுக்கு அந்த வடிவம் மிகவும் பிடித்திருந்தது. வெளிநாட்டு மொழிப் பாப் பாடல்களுக்கென்று ஒரு சுற்று வைத்தார்கள். ஆங்கிலம் வெளிநாட்டு மொழியாகக் கணக்கில் வராது என்று முடிவாயிற்று. ஆங்கிலம் தெரியாதவர்கள் யாரிடமும் அதைப் பற்றிக் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

சீர்காழிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் லுத்தரன் சபைப் பாடகர் குழு என் பொறுப்பில் வந்தது. குழுவை நடத்தியவர் தானியேல் அண்ணன். உரக்கடை வைத்திருக்கிறார். தாளம் காட்ட அவரிடம் தனிக் கோல் கிடையாது. பூச்சிமருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பேனாதான். அந்தப் பேனா மேலே போனால் எல்லோர் மூச்சும் மேலே போகும். அடிக்குரலில் பாஸ்கரன் என்று மின்வாரிய ஊழியர் ஒருவர் இருந்தார். நீடாமங்கலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், நெற்றியில் திருநீறு வைத்தவர். அப்படி ஓர் அடிக்குரல் லேசில் கிடைக்காது என்பதால் சபை திருநீற்றைப் பற்றிப் பேசவில்லை. பாடலில் தனியாகப் பாடவேண்டிய பகுதிக்கு எல்லோரும் ஒருமனதாகக் காட்டியது ஹெப்சியை. கூட்டுறவு வங்கியில் காசாளர். முப்பதுகளில் இருந்தாள். இனிமையான குரல் என்று சொல்லிவிட முடியாது. காயவைத்த நெல்லைக் கையால் அளையும்போது வருமே, அப்படி ஒரு சன்னமான சொரசொரப்பு அதில் இருந்தது. ஒருமுறை கேட்டால் மறுபடி கேட்கத் தோன்றும்.

ஸ்பானியப் பாடல் ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த மொழியின் உயிரொலிகள் தமிழ் வாய்க்கு வலிக்காமல் வரும். எனக்கு ஸ்பானிய மொழி எப்படித் தெரியும் என்றால், தபால் வழியாகப் படித்தேன். அந்த மொழி பேசும் மனிதர் ஒருவரைக்கூட நேரில் சந்தித்ததில்லை. அதனாலேயே என் ஸ்பானிய மொழியில் இன்றுவரை யாரும் குறை கண்டதில்லை.

பாடலின் விஷயம் இதுதான். ஒரு பெண், போய்விட்டவனிடம் பேசுகிறாள். உனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன், குளிர்தான் உள்ளே வந்தது, சாத்திவிட்டேன் என்கிறாள். கட்டிலின் நடுவில் படுக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறாள். இனி நீ வரவேண்டாம், வந்தாலும் இங்கே உனக்கு இடமில்லை என்று முடிக்கிறாள். சபைக் கூடத்தில் நடந்த ஒத்திகையில், குழுவுக்கு இதைச் சுருக்கி "பிரிவுப் பாட்டு" என்று மட்டும் சொன்னேன். பிரிவு என்றதும் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள், சுரமும் கூடவே தொங்கியது. பிறகு, பிரிவை மறந்துவிடுங்கள், வாயை மட்டும் திறங்கள் என்று கெஞ்சி, சுரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஹெப்சி மட்டும் சுருக்கத்தோடு விடவில்லை. ஒத்திகை முடிந்து மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது வந்து, "சார், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அடுத்த வார்த்தைக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்த ஒத்திகையில் அவள் அந்த முடிவு வரியைப் பாடியபோது, வெளியே வயலில் ஓடிக்கொண்டிருந்த அறுவடை இயந்திரத்தின் சத்தம்கூட ஒரு கணம் அடங்கிவிட்டதாகத் தோன்றியது. நான் பெருமையில் பூரித்தேன். என் பயிற்சியில்தான் அந்த வரி அப்படி வந்திருக்கிறது என்று நினைத்தேன். சேனலுக்குப் போன் செய்து, "மெய்யொலிகள் எல்லாம் அற்புதமாக உட்கார்ந்துவிட்டன" என்று வேறு சொன்னேன். ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பாடுவதைக் கேட்டுவிட்டு மெய்யொலியைப் பாராட்டும் திறமை எல்லோருக்கும் வாய்க்காது.

ஒளிப்பதிவு தஞ்சாவூரில், புறவழிச்சாலையில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்ததால் குழுவின் வேன் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. ஒப்பனைக்கு மணமகள் அறையை ஒதுக்கியிருந்தார்கள். மணமேடை இருந்த இடத்தில் பெரிய மின்திரை நின்றது. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் பவித்ரா என்னைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிட மிகவும் இளையவள். அந்த மண்டபத்தில் எது தப்பானாலும் அவள் தலையில்தான் விடியும் என்பதால் எப்போதும் ஓட்டத்திலேயே இருப்பாள்.

"சார், பாட்டோட மீனிங் வேணும். லைன் பை லைன், தமிழ்ல."

"எதுக்கும்மா?"

"பாடும்போது பின்னாடி திரையில ஓடப்போகுது. போன எபிசோடுல வேற டீம் கொரியன் பாட்டு பாடுனாங்கல்ல? ஒண்ணும் புரியலைன்னு எங்க அம்மாவே சேனலை மாத்திட்டாங்க."

"அந்தப் பாட்டுக்குப் புரியுற மாதிரி அர்த்தமே கிடையாதேம்மா."

"இதுக்கு இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எழுத்து ஓடும்போது சோலோ பாடுறவங்க முகத்துல க்ளோசப் வைக்கறோம். முடிஞ்சதும் ஆங்கர், 'யாரை நெனைச்சுப் பாடுனீங்க?'ன்னு கேப்பாங்க. முன் வரிசையில அவங்க மாமியாரை உக்கார வச்சிருக்கோம். ஹஸ்பெண்ட் சிங்கப்பூர்ல இருக்காராம். சூப்பரா வரும் சார்."

நான் மறுப்பேதும் சொல்லவில்லை. சொல்லப்போனால், உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். வாழ்நாளில் ஒருமுறையாவது நம் எழுத்து பெரிய திரையில் ஓடவேண்டும் என்ற ஆசை யாருக்கு இல்லை? சமையல்கட்டுக்குப் பின்னால் நிழலான இடம் பார்த்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கதவைச் சாத்தினேன் என்பதா, தாழிட்டேன் என்பதா என்ற பெரிய இலக்கியச் சிக்கலில் நான் மூழ்கியிருந்தபோது ஹெப்சி வந்தாள். புதுச் சேலை, பாதி முடிந்த ஒப்பனை.

"சார், பின்னாடி தமிழ்ல எழுத்து ஓடுமாமே?"

"ஆமாம்மா. நான்தான் எழுதறேன். நல்லா வந்துக்கிட்டிருக்கு."

"அப்ப நான் பாடலை சார்."

நமக்கெல்லாம் தொழில்புத்தி என்று ஒன்று உண்டு. "உச்சரிப்பெல்லாம் சுத்தமா இருக்கும்மா. பயப்படாத" என்றேன்.

"உச்சரிப்பு கெடக்குது சார்" என்றாள்.

என் பணிவாழ்வைப் பற்றி இத்தனை சுருக்கமாக வேறு யாரும் கருத்துச் சொன்னதில்லை. நான் பேனாவை மூடினேன். அவள் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அவரு வரமாட்டாரு சார். அங்கேயே ஒரு குடும்பம் ஆயிடுச்சு. எனக்கு நல்லாத் தெரியும். அத்தைக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஊருல யாரு கேட்டாலும் கிறிஸ்மஸுக்கு வர்றாருன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். கவுன்டர்ல பணம் எண்ணிக்கிட்டே சொல்லிடுவேன். எல்லாரும் நோட்டைத்தான் பாப்பாங்க, மூஞ்சிய யாரு பாக்குறா?"

"அப்புறம் ஏம்மா இந்தப் பாட்டை ஒத்துக்கிட்ட?"

"நானா சார் கேட்டேன்? நீங்கதானே கொண்டுவந்தீங்க. அர்த்தம் தெரிஞ்சதும் மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா நல்லா இருந்துச்சு. வாய்விட்டுச் சொல்லலாம், ஒருத்தருக்கும் புரியாது. தமிழ்ல இதை நான் கண்ணாடிகிட்டகூடச் சொன்னதில்ல சார். சாயங்காலம் ஒத்திகையில சத்தமா சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி அத்தைக்குத் தோசை சுட்டுக் குடுப்பேன். நிம்மதியா இருக்கும். இப்ப அவங்களை முன்னாடி உக்கார வச்சு, என் தலைக்கு மேல அதையே தமிழ்ல எழுதிப் போடப்போறீங்க. நாளைக்கு டிவியில வந்தா பேங்க்குக்கு வர்ற ஒவ்வொருத்தரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

வெளிநாட்டு மொழியில் பாடுகிறவர்களுக்கு அந்த மொழி ஒரு தடை, அதைத் தாண்டவைப்பதே என் வேலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒருத்திக்கு அதுவே மறைப்பாக, முக்காடாக இருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அவசரமாக ஒரு யோசனை சொன்னேன். "அர்த்தத்தை மாத்தி எழுதிடட்டுமா? கடல், அலை, நிலா அந்த மாதிரி. இங்க யாருக்கு ஸ்பானிஷ் தெரியப்போகுது?"

அவள் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். என்மேல் இரக்கப்படுவது போலிருந்தது. "போனைக் காட்டுனா அதுவே தமிழ்ல சொல்லிடும் சார். அப்பறம் ஏன் மாத்தி எழுதுனாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. அது இன்னும் அசிங்கம்."

பின்னாளில் என் இடத்தைப் பிடித்துக்கொண்ட செயலி அன்றைக்கே என்னைத் தோற்கடித்திருந்தது.

"கொஞ்சம் இரு, நான் பேசிப் பாக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு பவித்ராவிடம் போனேன். எழுத்து ஓடாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன்.

"ஏன் சார்?"

"பாக்குறவங்க கவனம் சிதறும்மா."

"சிதறட்டும் சார். சேனலை மாத்தாம இருந்தாப் போதும். வேற காரணம் இருந்தா சொல்லுங்க."

இளைஞர்களே, நான் உங்களுக்குச் சொல்லவந்தது இந்த இடத்தைத்தான். காரணம் என் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் பவித்ரா அந்தக் கணமே எழுத்தை நிறுத்தியிருக்கக்கூடும். அவள் கெட்டவள் இல்லை. அல்லது, இதைவிட நல்ல கதை கிடைக்காது என்று காமிராவை இன்னும் பக்கத்தில் நகர்த்தியிருக்கக்கூடும். தன் வேலையையும் அவள் நன்றாகத் தெரிந்தவள். இரண்டில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஹெப்சி அண்டாவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை எடுத்துச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை, அவளைக் காப்பாற்றுவதற்காக என்றாலும். நம் தொழிலில் பாடுகிறவர்கள் வாயைத் திறக்கும்போது பாட்டு மட்டும் வெளியே வருவதில்லை. கூட வருவதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் நம் வேலைதான். சம்பளத்தில் அதற்கென்று எதுவும் சேராது.

"வேற காரணம் இல்லம்மா" என்றேன்.

"அப்ப டிரான்ஸ்லேஷன் குடுத்துருங்க சார், டைம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

நான் மீண்டும் சமையல்கட்டுக்குப் பின்னால் போனேன். ஒன்றும் தோன்றாதபோது சோற்று வாசனை வரும் பக்கமாகப் போவது என் வழக்கம். அங்கே தானியேல் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கூடவே பாஸ்கரன்.

"ஹெப்சி கண்ணு செவந்திருக்கே, என்னங்க சார்?" என்றார் தானியேல் அண்ணன்.

"தனியா பாட முடியாதுங்குது அண்ணே."

"சரி."

அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்னு கேக்கலையா?"

"எதுக்குங்க? எங்க கொயர்ல ஒரு பழக்கம் உண்டு. வீட்டுல சாவு விழுந்துருச்சுன்னாலும் அடக்க ஆராதனையில அவங்க கொயரோடதான் நிப்பாங்க. பாடப் பாட நடுவுல குரல் ஒடைஞ்சிடும் பாருங்க, அப்ப ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க அவங்க பாகத்தை எடுத்துக்கணும். தன் பாகத்தை விட்டுட்டு எடுத்துக்கணும். யாரு நிறுத்துனா, யாரு எடுத்தான்னு கீழ உக்காந்திருக்கிற சபைக்குத் தெரியவே கூடாது. எங்க அம்மா அடக்கத்துல என் பாகத்தைப் பாடுனது இவருதான்."

"எனக்கு வார்த்தையே தெரியாது சார்" என்றார் பாஸ்கரன். "வாயை அசைச்சு ராகத்தை இழுத்துட்டேன். நல்லவேளை, பாதிரியாருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"ஆனா இது சாவு வீடு இல்லையே அண்ணே" என்றேன்.

தானியேல் அண்ணன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

பிறகு மணமகள் அறையில் குழு கூடியது. ஆண்கள் வாசலில் நின்றார்கள். தானியேல் அண்ணன் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: தனிக்குரல் கிடையாது, அந்த வரிகளைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். தனிக்குரலுக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப தோத்துருவோமே" என்றார் பாஸ்கரன். வருத்தமாகச் சொல்லவில்லை, மின்தடை அறிவிப்பது போலச் சொன்னார்.

"தோத்துருவோம்" என்றார் தானியேல் அண்ணன்.

"புதுச் சேலையெல்லாம் எடுத்தோமே அண்ணே" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கிறிஸ்மஸுக்குக் கட்டிக்கோ. சேலை என்ன அழுகியா போவும்?"

எமிலி டீச்சர் என்று ஒருவர். பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுகிறவர், பருத்த உடம்பு, சர்க்கரை வியாதியைத் தவிர வாழ்க்கையில் வேறு குறையில்லாதவர். "எனக்கு அந்த வரியெல்லாம் மனப்பாடம்" என்றார் அவர். "சமைக்கும்போதுகூட அதைத்தான் பாடறேன். எங்க வீட்டுக்காரருக்குக் காது புளிச்சுப்போச்சு."

அப்படித்தான் மற்றவர்களும். குழுவில் பாடுகிறவர்கள் தங்கள் பாகத்தைவிட அடுத்தவர் பாகத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள், இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஏன் இந்த மாற்றம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது என்று அதற்கு அர்த்தம். அல்லது எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று அர்த்தம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூலையில் நின்ற ஹெப்சி, "அண்ணே, நானும் பாடுவேன்ல?" என்றாள்.

"நீ இல்லாம எப்படி? நடுவுல நில்லு" என்றார்.

நான் மொழிபெயர்ப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் பவித்ராவிடம் கொடுத்தேன். தனிக்குரல் இல்லை என்றும் சொன்னேன்.

"சார், மார்க் போயிடும். குழுவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எழுத்து ஓடும்."

"தாராளமா ஓடட்டும்."

அவள் கையிலிருந்த தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. "அப்ப க்ளோசப் யாருக்கு வைக்கறது?" என்று மட்டும் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன்.

பாடினார்கள். பேனா மேலே போயிற்று, மூச்சும் போயிற்று. பாஸ்கரனின் அடிக்குரல் தரையை விரித்துப் போட, மேலே பெண்களின் குரல்கள் ஒன்றாக எழும்பின. அவர்கள் தலைக்கு மேல் என் தமிழ் ஓடியது. கதவு, குளிர், கட்டில். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெப்சியின் மாமியாரைப் பார்த்தேன். சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர், ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டம் நடத்தக்கூடியவர். மூக்குக்கண்ணாடியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையை வாசித்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இனி நீ வரவேண்டாம் என்ற வரி வந்தது. அதில் நான் ஹெப்சியின் குரலைத் தேடினேன். அந்தக் குரலோடு பல மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொரசொரப்பு எனக்கு அத்துப்படி. கிடைக்கவில்லை. அவள் நடுவில் நின்று, கழுத்து நரம்பு தெரியப் பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் எது அவள் குரல், எது பக்கத்தில் நிற்பவள் குரல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. காதை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தக் காது தோற்றதில் கிடைத்த அளவு நிம்மதி எனக்கு வேறு எப்போதும் கிடைத்ததில்லை.

காமிரா ஒரு முகம் தேடி அலைந்தது. கடைசியில் எமிலி டீச்சரிடம் போய் நின்றது. அவர் கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் தொகுப்பாளினி குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரிடம் போனாள். "மேடம், யாரை நெனைச்சு இப்படி உருகிப் பாடுனீங்க?"

"லைட்டு நேரா கண்ணுல அடிச்சுதும்மா" என்றார் எமிலி டீச்சர்.

அந்தப் பதிலை வெட்டிவிட்டு, கண்ணீரை மட்டும் வைத்து ஒளிபரப்பினார்கள். அதற்குப் பிறகு டீக்கடையில் அவருடைய கணவரை, "டீச்சருக்கு அப்படி என்னய்யா கொறை வச்ச?" என்று பிடித்துக்கொண்டார்களாம். அந்த மனிதர் வீட்டில் காய் நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. ஒரு பாட்டால் உலகத்துக்கு நேரடியாக விளைந்த நன்மை என்று இதைத்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

நடுவர்கள் பொருளைப் பாராட்டினார்கள், ஒத்திசைவைப் பாராட்டினார்கள், தனிக்குரல் இல்லாததைப் பெருங்குறை என்றார்கள், குழுவை வெளியேற்றினார்கள். வேனில் ஏறுவதற்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி பவித்ரா சொன்னாள். வெளியேற்றப்பட்டவர்களுக்கும் இலை உண்டு என்பது அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த விதி.

பந்தியில் ஹெப்சியும் அவள் மாமியாரும் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெப்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாமியார் சாம்பாரை முடித்து, ரசத்துக்கு வந்து, அதையும் பாதி சாப்பிட்ட பிறகு பேசினார்.

"ஹெப்சி."

"என்ன அத்தை?"

"இனிமே பேங்க்குல யாராச்சும், அவன் கிறிஸ்மஸுக்கு வர்றானான்னு கேட்டா, எங்க மாமியாரைப் போயிக் கேளுங்கன்னு சொல்லிடு."

ஹெப்சியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "ஏன் அத்தை?"

"நான் சொல்லிக்கறேன். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். பெத்தவ நான்தானே."

நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன். வாழையிலையில் பார்த்துக்கொண்டிருக்க அப்படியொன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்தேன். ஹெப்சி ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று.

பரிமாறுகிறவர் பாயச வாளியோடு வரிசையில் வந்தார். மாமியார் தன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்து இலையைக் காட்டினார்.

"எனக்கு வேணாம்ப்பா. அவளுக்கு இன்னொரு கரண்டி ஊத்து. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."